கேள்வி கேட்காத கடை

எனக்குக் கோபம் எப்போதாவதுதான் வரும் என்று சொல்லிக்கொள்கிற ஆள் நான் இல்லை. தினமும் வரும். காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே வந்துவிடும். ஏனென்றால் நேர் எதிரே அந்த நுரைக்கடை. அதற்கு வேறு பெயர் உண்டு, விளக்கெல்லாம் போட்டுப் பெரிய பலகையில் எழுதி வைத்திருக்கிறான். என் வாயில் அது நுரைக்கடைதான். கார் உள்ளே நுழைந்ததும் ஆட்கள் பாய்ந்து வந்து நுரையை அடிப்பார்கள். சக்கரம் துடைத்த துணியாலேயே கண்ணாடியையும் துடைப்பார்கள். மறுபக்கமாக வெளியே தள்ளிவிடுவார்கள். நான் வாங்குகிற காசில் கால்வாசிதான் அவன் வாங்குவான். கூட்டம் முழுக்க அவன் பக்கம்.

என் கடையிலும் அதே வேலைதான். காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து, கீறல் எடுத்து, மெருகு போட்டுத் தருவது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கார். "ஒரு காரைக் கழுவ ஒரு நாளா? குளிப்பாட்டித் தூங்க வச்சு அனுப்புவீங்களா?" என்று ஒருத்தர் நக்கலாகக் கேட்டார். "ஆமா, தாலாட்டுக்குத் தனி சார்ஜ்" என்றேன். மனுஷன் விறுவிறுவென்று எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் பெயின்ட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு விழுந்த காரோடு என் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். இப்படி வருகிறவர்களிடம் நான் நல்ல வார்த்தை பேச மாட்டேன். வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடுவேன்.

எனக்கு ஒரு பழக்கம். தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன்னால் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு காரைச் சுற்றி வருவேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். சீட்டுக்கு அடியில், கதவுப் பையில், பின்பக்க இடுக்கில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது இருக்கணுமா, போகணுமா?" என்று கேட்பேன். பொம்மையின் உடைந்த காலோ, காய்ந்துபோன பேனாவோ, ஒற்றைத் தோடோ, எதுவாக இருந்தாலும் நானாக முடிவு செய்ய மாட்டேன். குப்பை எது என்று சொல்ல நான் யார்?

அதோடு இன்னொன்று. டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளாமல் அதற்கு அடியில் சுத்தம் செய்ய முடியாது. அதனால் தள்ளுவதற்கு முன் சீட்டு நகரும் தண்டவாளத்தில் சின்னதாக ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைப்பேன். வேலை முடிந்ததும் சீட்டு பழைய இடத்துக்கே வந்துவிடும். பின்னால் பார்ப்பதற்கான நடுக் கண்ணாடியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் துடைப்பேன். வண்டியை எடுக்க வருகிறவர் ஏறி உட்கார்ந்தால், அவர் உடம்புக்கு எதுவும் மாறின மாதிரியே தெரியக்கூடாது. "இதுக்கெல்லாமா காசு?" என்பார்கள். இதுக்குத்தானய்யா காசு.

என் தம்பிக்கு வீட்டில் நாங்கள் வைத்த பெயர் 'பேரம்'. பிறந்த அன்றைக்கே டாக்டரிடம் "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டிருப்பான் என்று அம்மா சொல்லுவாள். தள்ளுபடியில் கிடைத்தது என்று தன் காலுக்குப் பெரிய செருப்பை வாங்கி, வருஷம் முழுக்கச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தவன். அவன் பேரம் பேசாமல் அடைந்த ஒரே வரம் அவன் மனைவிதான். ஆள் சின்னஞ்சிறு உருவம். அதனால் அவளை எல்லோரும் சிட்டு என்போம். என்னை அக்கா அக்கா என்று அவள் கூப்பிடும்போது, கூடப் பிறந்தவன் கூப்பிடுவதைவிட எனக்கு அது இனிக்கும்.

கார் சிட்டுவுடையது. அவள் சம்பளத்தில், அவள் பிடிவாதத்தில் வாங்கியது. தம்பிக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவதுதான் அவன் வேலை. சிட்டு சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு, ஸ்டீயரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்து ஓட்டுவாள். வெளியிலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது, கார் தானாகப் போகிற மாதிரி இருக்கும். பின் சீட்டில் பாப்பா, அவர்களுடைய ஒரே பெண்.

போன வருஷம் சிட்டு போய்விட்டாள். ஒரு சாயங்காலம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, காரைக் கீழே பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, வயிறு வலிக்கிறது என்று மாடிக்கு வந்து படுத்தவள், மறுநாள் ஆம்புலன்சில் ஏறத்தான் கீழே இறங்கினாள். பிறகு திரும்பவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கார் நிறுத்திய இடத்திலேயே நின்றது. பாட்டரி செத்துவிடக் கூடாது என்று தம்பி வாரா வாரம் தன் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்து, கையை மட்டும் எட்டி நீட்டிச் சாவியைத் திருகுவான். டிரைவர் சீட்டில் யாரும் உட்காரவில்லை. பாப்பா மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகப் பார்க்கிங்குக்குப் போய்ப் பின் சீட்டில் ஏறிக்கொள்வாள். வீட்டுப்பாடம், பிஸ்கட், தூக்கம் எல்லாம் அங்கேதான். மாடியில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை, காருக்குள் தனியாகப் பாட்டுப் பாடும். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறேன். இந்தக் கார் இருக்கிறவரைக்கும் பிள்ளை எப்படியாவது தேறிவிடும் என்று நம்பினேன்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. பார்க்கிங்கின் மேல்தளத்துக் குழாய் ஒழுகி, சரியாக ஏற்றாத ஒரு ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மிதியடியும் சீட்டுத் துணியும் பூஞ்சை பிடித்தன. பாப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. காரைச் சுத்தம் பண்ணாமல் பிள்ளையை அதில் உட்கார விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தம்பி கடைக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை நானே அங்க வந்துடறேன்" என்றேன். "நீயும் கூட இரு. உள்ள இருக்கறது ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துட்டு, எது இருக்கணும் எது போகணும்னு நீதான் சொல்லணும்."

அவன் என் கடைச் சுவரில் மாட்டியிருந்த பிரஷ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எவ்வளவு ஆகும்?" என்றான்.

பாவி, இந்த நேரத்திலுமா! எனக்குச் சிரிப்பாகவும் வந்தது. அவன் பழைய தம்பியாகத் திரும்பி வருகிறான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. "ஊருக்கு என்ன ரேட்டோ அதேதான் உனக்கும். இத்தனை வருஷமா என்கிட்ட பேரம் பேசுனியே, அதுக்கு அபராதம் தனி" என்றேன், விளையாட்டாக. அவனிடம் நான் காசு வாங்குவேனா?

"அம்மாடியோவ்! அவ்வளவுக்கு எங்க போறது?" என்றான். "யோசிச்சுட்டுச் சொல்றேன்க்கா."

யோசித்த லட்சணத்தை அந்த வாரமே என் கண்ணால் பார்த்தேன். ஒரு காரின் பானெட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தவள், தற்செயலாக நிமிர்ந்தால், நுரைக்கடையிலிருந்து சிட்டுவின் கார் வெளியே வருகிறது. பளபளவென்று. ஒரு நெட்டையன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் போகிறான். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்த் திருப்பி விடுவது அவர்களுடைய சலுகைத் திட்டம். பலகையில் அதற்கென்றே தனி விளக்கு.

நான் துணியும் கையுமாக நடுரோட்டுக்கு ஓடினேன். கார் முனை திரும்பிவிட்டது. போனை எடுத்துத் தம்பியைப் பிடித்தேன்.

"ஏன்டா, கூடப் பிறந்தவ கடை வச்சிருக்கேன், எதுத்தாப்புல கொண்டுபோய் விட்டிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? நாலு காசு மிச்சம் பிடிச்சு எந்தக் கோட்டையைக் கட்டப் போற? அது சிட்டு காருடா!"

"சரிக்கா" என்றான்.

"என்னடா சரி?"

வைத்துவிட்டான். அன்றைக்கு என் கையில் மாட்டிய கார்தான் பாவம், அதன் பெயின்ட் என்ன பாடு பட்டதோ.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "அக்கா, கொஞ்சம் வாயேன். பாப்பா கார்ல உக்காந்து அழுதுட்டே இருக்கா. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா." குரலே சரியில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கும் தூணுக்கும் நடுவில் கார் நின்றது. எலுமிச்சை வாசனை மருந்தை அடித்துத் தள்ளியிருந்தார்கள், கிட்டப் போகும்போதே மூக்கை அடைத்தது. தம்பி தூணில் சாய்ந்து நின்றான். பாப்பா பின் சீட்டில், புத்தகப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கண்ணு?" என்று கதவைத் திறந்தேன்.

"அத்தை, அம்மா சீட்டைத் தள்ளிட்டாங்க" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். டிரைவர் சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் வந்து, பாப்பாவின் முழங்காலை முட்டிக்கொண்டு நின்றது. சாய்மானத்தையும் சாய்த்து வைத்திருந்தான் அந்த நெட்டையன். நடுக் கண்ணாடி அவன் உயரத்துக்கு ஏற்ப மேலே திரும்பியிருந்தது.

"பாத்தியா? பாத்தியாடா?" என்று தம்பி பக்கம் திரும்பினேன். "இதுக்குத்தான் நான் அடிச்சுக்கிட்டேன். அவ உக்காந்த இடத்தைக் காணாம அடிச்சிட்டானே! உள்ள இருந்த சாமானெல்லாம் எங்க? அவ செருப்பு, அவ தண்ணி பாட்டில், அவ கிளிப்பு?"

"தூக்கிப் போடச் சொல்லிட்டேன்" என்றான்.

"என்னது?"

"எது கிடைச்சாலும் என்கிட்ட காட்டாதீங்க, கேக்காதீங்க, அப்படியே போட்டுடுங்கன்னு நான்தான் சொன்னேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உன்கிட்ட விட்டா நீ கேப்பக்கா. கூடையை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, இது இருக்கணுமா போகணுமான்னு கேப்ப. நான் என்னன்னு சொல்லுவேன்? எதைப் போகட்டும்னு சொல்லுவேன்? அந்தக் கடையில யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அங்க விட்டேன். காசுக்காகன்னு நீ நினைச்சா நினைச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷம் அவனைத் திட்டியே வளர்த்திருக்கிறேன், திட்ட ஒரு வார்த்தை அகப்படவில்லை. நுரைக்கடைக்காரனைத் திட்டலாமென்றால் அவனும் சொன்னதைத்தான் செய்திருக்கிறான். என் தம்பி மலிவான வேலையைத் தேடிப் போகவில்லை. கேள்வியில்லாத வேலையைத் தேடிப் போயிருக்கிறான். அது மலிவாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

"சீட்டு நகரும்னு எனக்குத் தோணவே இல்லக்கா" என்றான். "எனக்கு ஓட்டத் தெரியாதே."

பாப்பா உள்ளேயிருந்து சொன்னாள். "செருப்பு, கிளிப்பெல்லாம் எங்கிட்ட இருக்குப்பா. நான் முன்னாடியே எடுத்துட்டுப் போய் என் அலமாரில வச்சுட்டேன். சீட்டை எப்படிப்பா எடுத்துட்டுப் போறது?"

தம்பி முகத்தை மூடிக்கொண்டான்.

"அழாதடா, அத்தை சரி பண்ணிடறேன்" என்று பாப்பாவிடம் வாய் விட்டுவிட்டேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தேன். சிட்டுவின் காரை எத்தனை தடவை சுத்தம் செய்திருப்பேன், எத்தனை தடவை அங்கே டேப் ஒட்டியிருப்பேன்! ஒரு தடம் இல்லை. எப்படி இருக்கும்? வேலை முடிந்ததும் டேப்பை உரித்து, அதன் பிசினைக்கூடத் துணியில் மருந்து தொட்டு வழித்து எடுத்துவிடுகிறவள் நான். சுத்தமான வேலைக்காரி. என் சுத்தத்தில் இடி விழ.

சீட்டை மெல்ல முன்னால் தள்ளினேன். "இவ்வளவா?"

"இன்னும் முன்னாடி" என்றாள் பாப்பா.

"இவ்வளவு?"

"இன்னும் கொஞ்சம்... இல்ல, ரொம்ப வந்துடுச்சு. தெரியல அத்தை."

தம்பியைக் கேட்டேன். காற்றில் கையை விரித்து இவ்வளவு என்று காட்டினான். உடனே கையைக் குறுக்கினான், மறுபடி விரித்தான், பிறகு இரண்டு கைகளையும் தொங்கப்போட்டான். பாப்பாவே இறங்கி வந்து, "அம்மா வேலையா இருந்தப்ப நான் ஒரு தடவை இதுல உக்காந்து பார்த்தேன். என் கால் அந்தப் பெடலுக்கு எட்டவே எட்டாது. அப்படி வச்சா சரியா இருக்கும்" என்று டிரைவர் சீட்டில் ஏறினாள். காலை நீட்டினாள். எட்டியது. கொஞ்சம் பின்னால் தள்ளினேன். அப்போதும் எட்டியது.

"அது எப்படி அத்தை?"

"நீ வளர்ந்துட்டடா" என்றேன்.

அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவை ஏதோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி. பிறகு இறங்கிப் பின் சீட்டுக்கே போனாள்.

"கண்ணாடியை மட்டும் வைக்கலாம் அத்தை. அது எனக்கு நல்லாத் தெரியும். நீங்க அம்மா மாதிரி கிட்டக்க உக்காருங்க."

நான் சிட்டு மாதிரியா இருக்கிறேன்? இரண்டு சிட்டு சேர்ந்தால் ஒரு நான். இருந்தாலும் சீட்டை முன்னால் இழுத்துப்போட்டு, ஸ்டீயரிங் வயிற்றில் அழுந்த அழுந்த உள்ளே நுழைந்தேன். முதுகை வளைத்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். தம்பி தன் பக்கத்துக் கதவைத் திறந்து தன் சீட்டில் உட்கார்ந்தான். மூன்று பேரும் எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருந்தோம்.

"கீழ இறக்குங்க" என்றாள் பாப்பா. "இன்னும். என் பக்கம் திருப்புங்க. கொஞ்சம் மேல. ஆங், அதுதான், கையை எடுத்துடுங்க."

கையை எடுத்தேன். கண்ணாடியில் பாப்பாவின் கண்கள் தெரிந்தன. அப்படியென்றால் அவளுக்கு என் கண்கள் தெரியும்.

"இங்கேருந்து அம்மாவோட கண்ணும் புருவமும் மட்டும்தான் தெரியும்" என்றாள். குரலில் பழைய பாட்டுக்காரக் குழந்தை எட்டிப் பார்த்தது. "சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் இதுல என்னைப் பார்ப்பாங்க. டெஸ்ட்டுக்குப் படிச்சியான்னு கேக்கறதுக்கு இப்படி முழிப்பாங்க. அப்பா மெதுவா மெதுவான்னு சொன்னா ஒரு புருவத்தைத் தூக்குவாங்க. நான் சிரிச்சுடுவேன். அப்பாவுக்குத் தெரியாது."

"பக்கத்துலயேதானே உக்காந்திருந்தேன்" என்றான் தம்பி. "எனக்குத் தெரியவே தெரியாதே." அதை என்னிடம் சொன்னானா, அவளிடம் சொன்னானா தெரியவில்லை.

நான் புருவத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றை மட்டும் தூக்க எனக்கு வரவில்லை, இரண்டும் சேர்ந்து போயின. கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு நின்றது. பாப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்காடா?"

"சரியாத்தான் இருக்கு அத்தை." பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா இது நீங்க வச்சது. முன்ன அம்மா வச்சது இருந்துச்சு. சீட்டுல யாருமே இல்லாட்டியும், அம்மா இப்பத்தான் இறங்கிப் போன மாதிரி இருக்கும்."

எனக்குத் தெரிந்த எந்த மருந்தும், எந்தத் துணியும் அதற்கு உதவாது. கீறலை எடுக்கலாம், கறையை எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. "மன்னிச்சுக்கடா கண்ணு" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கி, ஓங்கிச் சாத்தாமல் அழுத்தி மூடினாள். சுற்றி வந்து அப்பாவின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இதை வித்துடலாம்பா."

"பாப்பா..."

"இப்ப நல்லா சுத்தமா இருக்குப்பா. நல்ல விலைக்குப் போகும்."

கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஒன்றைச் சொல்லி அவனைத் தேற்றப் பார்த்தாள். தம்பி தலையை மட்டும் ஆட்டினான். அவள் படியேறிப் போனாள். எனக்கு அந்த சீட்டிலிருந்து இறங்கக் கால் வரவில்லை.